நனைந்தால் தோள், காய்ந்தால் காது

அந்த மாலை வகுப்பில் விவரிப்பதற்குத் தலைகள் போதவில்லை.

மொத்தம் பதினைந்து மாணவர்கள். பதினொரு பேர் பெண்கள், பதினொரு பேரும் முக்காடு போட்டவர்கள். மீதி நான்கு ஆண்களில் ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். ஆக, கைக்கு எட்டியது மூன்றே தலைகள். பாடம் நடத்தும் உஸ்தாத் பஷீரின் தலையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அதில் ஒன்றும் இல்லை. ஆட்களின் முடியை ஆங்கிலத்தில் சரியாக விவரிப்பது எப்படி என்பது ஒன்பதாம் பாடம். ‘பக்கத்தில் இருப்பவரின் முடியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக’ என்று கீழே பயிற்சி. பாடப் புத்தகம் எழுதிய மனிதர் திரிப்போலியை மனதில் வைத்து எழுதவில்லை என்பது தெளிவு.

பதினொரு பெண்களும் ஒரு மணி நேரம் அந்த மூன்று தலைகளையே உற்றுப் பார்த்து எழுதினார்கள். நடு பெஞ்சில் இருந்த சுஃப்யான், ஓடு விற்கும் கடைக்காரன், அடர்ந்த சுருட்டை முடிக்காரன். அவன் காது இரண்டும் சிவந்து போயின. அடுத்த வகுப்புக்கு அவன் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். தலைகள் இரண்டாகக் குறைந்தன.

இதையெல்லாம் தேதி போட்டு நாட்குறிப்பில் எழுதியவள் ருவைதா. பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். சீட்டு மாறினால் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் விழும் என்ற பயம் அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. எதையும் மூன்று தடவை பார்ப்பாள். நாட்குறிப்பில்கூட ஒரு வாக்கியம் எழுதி, அதை அடித்து, மறுபடி எழுதி, ஓரத்தில் ‘சரியா?’ என்று ஒரு கேள்வியும் போட்டு வைப்பாள். அன்றைக்கு அவள் குறித்து வைத்தது: சுருட்டைக்கு ஒரு சொல், நெளிக்கு ஒரு சொல், பறட்டைக்கு ஒரு சொல். கர்லி, வேவி, ஃப்ரிஸி. ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

ஒரு வாரத்துக்குள் இந்தப் பாடம் வீடு தேடி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

தேடி வந்தது ஹாஜியா முனீராவின் உருவத்தில். ஹாஜியாவின் தங்கை மகன் நிஸார், மான்செஸ்டரில் பிறந்து வளர்ந்தவன், பேருந்து கம்பெனி ஒன்றில் கணினி வேலை. அரபியைப் பேசுவான், தட்டுத் தடுமாறி. படிக்கத் தெரியாது. அவனுக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு பெரியம்மாவுக்கு. அவர் ஒரு கல்யாணத்தில், பெண்கள் கூடத்தில், ருவைதாவின் அக்கா அரீஜ் ஆடியதைப் பார்த்துவிட்டார். வாசலிலேயே எல்லோருடைய ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்ட கூடம். முக்காடுகள் எல்லாம் கொடியில். அரீஜின் முடி தேன் நிறத்தில், கோடு போட்டது மாதிரி நேராக இடுப்பு வரைக்கும் விழுந்து, அவள் திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்பியது. ஹாஜியா கையில் இருந்த பாதாம் மிட்டாயை வாயில் போட மறந்துவிட்டாராம்.

அந்த முடியில் அரீஜுடையது கால்வாசி. நேராக்கியது நஜாத்தின் ஒப்பனைக் கடையில், மின்சாரம் இருந்த நான்கு மணி நேரத்தில். தேன் நிறம் ஒரு கழுவலுக்குத் தாங்கும் சாயம். தோளுக்குக் கீழே தொங்கியது வாடகை. திங்கட்கிழமை காலை உம்மா அதைப் பையில் போட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்குப் போகிற எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் பெண் கேட்டு வந்தவர் அந்த முடியைச் சொல்லிச் சொல்லி மான்செஸ்டருக்குப் பேசியிருந்தார். அங்கேயிருந்து நிஸார் ஒரு குரல் செய்தி அனுப்பினான். ஹாஜியா அதைத் தன் ஃபோனில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

“பெரியம்மா, நீங்க இதுவரைக்கும் மூணு பொண்ணு சொன்னீங்க. மூணு பேருக்கும் ஒரே முடி. இடுப்பு வரைக்கும் ஆறு மாதிரி ஓடுது, தேன் நிறம். எனக்கென்னவோ திரிப்போலியில ஒரே ஒரு பொண்ணுதான் இருக்காளோன்னு தோணுது. அந்த வீட்டுல யாருக்காவது இங்கிலீஷ் தெரிஞ்சா, உள்ளது உள்ளபடி நாலு வரி எழுதச் சொல்லுங்க. ஃபோட்டோ கேக்கல. வெறும் வார்த்தைதான்.”

சொல்லிவிட்டுத் தன் அரபியைத் தானே கேட்டுச் சிரித்தான். குறட்டை மாதிரி மூக்கில் முடிகிற சிரிப்பு.

அரீஜ் அந்தச் செய்தியைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களைத் தேநீர்க் குவளை காலியாவதற்குள் வேண்டாம் என்று சொன்னவள். இரவில் தலையணைக்குள் அந்தச் சிரிப்பு கேட்டது. ஏழு தடவை. ருவைதா எண்ணி எழுதி வைத்தாள். அக்காவுக்கு இந்த மனிதன் வேண்டும் என்று புரிந்துகொள்ள அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஃபோட்டோ கூடாது, அது யார் கைக்கும் போகும். வார்த்தைக்கு என்ன, வார்த்தையைப் பார்த்து யார் முடியைக் காண முடியும் என்று ஹாஜியா தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். வாப்பாவிடம் சொன்னது மான்செஸ்டருக்கு ஒரு கடிதம் என்பது வரைக்கும்தான். உம்மா சமையலறை மேசையில் ருவைதாவை உட்கார வைத்து, தன் ஃபோனைக் கையில் கொடுத்தாள்.

“எழுது. இடுப்பு வரைக்கும். நேரா. தேன் நிறம்.”

“உம்மா, அது வாடகை முடி.”

“அவனுக்குத் தெரியுமா?”

“ஆகஸ்ட்ல பாக்க வருவானே.”

“அதுக்குள்ள வளந்துரும்” என்றாள் அரீஜ், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. கண் கலங்கியது வெங்காயத்தால் என்றுதான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

வளராது. ருவைதா கணக்குப் போட்டாள். மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர். தோளிலிருந்து இடுப்புக்கு முப்பத்தெட்டு. இரண்டரை வருஷம் ஆகும். அதுவும் நேரான முடியாக இருந்தால். அரீஜின் முடி நேராக வளர்ந்து பழக்கமில்லாதது. மின்வெட்டு நாளில் அது உள்ளதைச் சொல்லிவிடும். கடல் காற்று அடித்தால் மேலே ஏறும், பாலைவனத்திலிருந்து கிப்லிக் காற்று வந்தால் நாலா பக்கமும் பறக்கும். அதை எந்த நீளத்தில் எழுதுவது என்பதே ஒரு பெரிய கேள்வி.

பொய்யோ மெய்யோ, முதலில் உண்மை என்னவென்று தெரிய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை அரீஜ் குளித்துவிட்டு வந்ததும் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். அரீஜ் திட்டினாள், ஆனால் உட்கார்ந்தாள். ஈரத்தில் ஒரு அளவு. மொட்டை மாடியில் காய்ந்த பிறகு ஒரு அளவு. ஈரத்தில் தோளைத் தொட்டது, காய்ந்ததும் காது மடலுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். கறுப்பு, சந்தேகமில்லாத கறுப்பு. இடது பக்கம் நெற்றி ஓரத்தில் வெள்ளை முடிகள். அரீஜுக்கு ஒன்பது என்று தெரியும். கண்ணாடியில் எண்ணி வைத்திருந்தாள். ருவைதா எண்ணியபோது பதினொன்று வந்தது. காதுக்குப் பின்னால் இரண்டு இருந்தன. அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை, நாட்குறிப்பில் மட்டும் எழுதினாள்.

இப்போது எந்த அளவை எழுதுவது? புத்தகத்தில் இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் கை தூக்கினாள். ஆண்கள் இருக்கிற இடத்தில் அக்காவின் முடியைப் பேச முடியாது. அதனால் ஒரு சிங்கம் என்று வைத்துக்கொண்டாள்.

“உஸ்தாத், ஒரு சிங்கத்தோட பிடரி நனைஞ்சா தோள் வரைக்கும் வருது. காஞ்சா காதுக்கு ஏறிருது. அதோட நீளம்னு எத எழுதணும்?”

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. உஸ்தாத் பஷீர் தன் வழுக்கையைத் தடவி யோசித்தார். அந்தத் தலை இந்தப் பிரச்சினையிலிருந்து விடுதலை பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது.

“காஞ்சத எழுது. யாரும் குளிச்சிட்டு ஈரத்தலையோட பாஸ்போர்ட் படம் எடுக்குறதில்ல.”

“அந்தச் சிங்கம் கல்யாண வயசுல இருக்கா?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். பத்துப் பெண்களும் முக்காட்டு நுனியை வாயில் வைத்துச் சிரித்தார்கள். ஒட்ட வெட்டிய சுஃப்யானும் சேர்ந்து சிரித்தான். சிரிக்க அவனுக்குத்தான் முதல் உரிமை.

வீட்டுக்கு வந்து ருவைதா இரண்டு கடிதம் எழுதினாள். முதலாவது உம்மா சொன்னபடி. இடுப்பு, நேர், தேன். எழுதிப் பார்த்தபோது வேறொருவரின் குப்பியில் அக்காவின் பெயர்ச்சீட்டு ஒட்டியது மாதிரி இருந்தது. அவன் ஆகஸ்டில் வந்து இறங்குவான். பெரியவர்கள் முன்னிலையில் அக்காவை முக்காடு இல்லாமல் பெண் பார்க்க உட்கார வைப்பார்கள். அந்தக் குப்பியைத் தேடுவான். முன்னால் வேறு குப்பி இருக்கும். அக்கா அந்த முகம் மாறுவதைப் பார்ப்பாள்.

இரண்டாவது கடிதத்துக்கு மூன்று மாலை ஆயிற்று. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்து, பாடத்தில் பார்த்து, மறுபடி அகராதியில் பார்த்து எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘என் அக்காவின் முடி குட்டை, சுருள், கறுப்பு, மிக அடர்த்தி. நனைந்தால் தோள், காய்ந்தால் காது. எங்கள் ஆசிரியர் காய்ந்ததைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறார். கடல் காற்றில் பறட்டை. இடது பக்கம் பதினொரு வெள்ளை முடிகள், அவளுக்கு ஒன்பதுதான் தெரியும். உங்கள் பெரியம்மா பார்த்தது ஒரு மாலைக்கு மட்டும் உண்மை. அதில் பெரும் பகுதியைத் திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உங்கள் பெரியம்மா காட்டிய உங்கள் படங்கள் ஐந்தைப் பார்த்தேன். நான்கில் தொப்பி போட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதைப் புருவத்துக்கு மேலே யாரோ வெட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் முடியையும் விவரிக்கவும். நான் மாலை வகுப்பில் மூன்றாம் நிலை மாணவி. இதில் தவறு இருந்தால் அது என்னுடையது, முடியுடையது அல்ல.’

வியாழக்கிழமை உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதியதை அரபியில் வாசிக்கச் சொன்னாள். ருவைதா திரையைப் பார்த்துக்கொண்டே இடுப்பு, நேர், தேன் என்று முதல் கடிதத்தை ஒப்பித்தாள். திரையில் இருந்தது இரண்டாவது. “அழகா எழுதியிருக்க” என்றாள் உம்மா. ருவைதாவின் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானை அழுத்தியது. ஹாஜியாவுக்குப் போய், அங்கிருந்து மான்செஸ்டருக்குப் போனது. அன்றிரவு நாட்குறிப்பில் அவள் எழுதிய ஒரே வரியின் ஓரத்தில் நான்கு ‘சரியா?’ இருந்தன.

ஒன்பது நாள் பதில் இல்லை.

முதல் நான்கு நாள் உம்மா மணமகன் வீட்டுப் பெருமையை அண்டை அயலில் பேசினாள். ஐந்தாம் நாள் கண்ணேறு என்று சாம்பிராணி போட்டாள். அரீஜ் பேசுவதைக் குறைத்தாள். இரவில் தலையணைக்குள் சிரிப்புச் சத்தம் இல்லை. ருவைதா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தாள். பறட்டைக்குப் போட்ட சொல் வசவாக இருக்குமோ? தொப்பியைக் கேட்டிருக்கக் கூடாதோ? பரிசோதனைக் கூடத்தில் ஒரு குப்பிக்கு இரண்டு சீட்டு ஒட்டி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் திட்டு வாங்கினாள். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கட்டில் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

பத்தாம் நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியா வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார், இனிப்புப் பெட்டி இல்லாமல் வந்தார். உம்மா பச்சைத் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றி நுரை எடுத்துக்கொண்டிருந்தாள். அரீஜ் வறுத்த வேர்க்கடலைத் தட்டோடு வந்து கதவருகே நின்றுவிட்டாள்.

ஹாஜியா ஃபோனை ருவைதாவிடம் நீட்டினார்.

“பதில் வந்திருக்கு. முழுசா வாசி. ஒரு வார்த்தைய முழுங்கினாலும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பொண்ணு நேத்தே எனக்கு ரெண்டு கடிதத்தையும் வாசிச்சுக் காட்டிட்டா. அவனோடதையும். உன்னோடதையும்.”

உம்மா புரியாமல் பார்த்தாள். ருவைதாவுக்கு வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து, அரபியில் மெதுவாகச் சொன்னாள்.

‘மூன்றாம் நிலை மாணவிக்கு. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், அளந்துகொண்டிருந்தேன். என் முடி பக்கங்களில் கறுப்பு, குட்டை. நெற்றி வழக்கத்தை விடச் சற்றுப் பின்னால் முடிகிறது. உச்சியில் தேநீர்க் குவளையின் அடித்தட்டு அளவுக்கு ஒரு இடம் காலி. உங்கள் முறைப்படி ஈரத்திலும் காய்ந்த பிறகும் அளந்தேன். நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே அளவு. தொப்பிகள் என்னுடையவை. ஐந்தாவது படத்தை வெட்டியது என் அம்மா. இதுவரை எனக்குச் சொல்லப்பட்ட பெண்களில் கடல் காற்றில் பறட்டையாகிறவள் உங்கள் அக்கா ஒருத்திதான். ஆகவே அவள் மட்டும்தான் நிஜமாக இருக்கிறாள் என்று நம்புகிறேன். என் தலையைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லவும்.’

கீழே ஒரு படம் இருந்தது. தொப்பி இல்லை. குழாய் விளக்கு நேராக உச்சியில் விழுந்து பளபளத்தது. மனிதன் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

உம்மா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“பறட்டைனு எழுதுனியா? என் மகளப் பறட்டைனு வெளிநாட்டுக்கு எழுதுனியா?”

“கடல் காத்துல மட்டும், உம்மா.”

“வாடகை முடியையும் எழுதியிருக்கா” என்று ஹாஜியா எடுத்துக் கொடுத்தார். “திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்தீங்களாம். எந்தக் கடை?”

உம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நஜாத்தின் பெயரைச் சொன்னாள். ஹாஜியா வேர்க்கடலை ஒன்றை எடுத்து நிதானமாகத் தோல் உரித்தார்.

“அன்னிக்குக் காலைல எனக்கு முன்னாடி ஒரு பொம்பளை முகத்த மூடிக்கிட்டு, பைய மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. எதையோ திருடிட்டு வந்தவ மாதிரி. நீதானா அது?”

உம்மா நிமிர்ந்தாள். “நீங்க அங்க எதுக்கு நின்னீங்க?”

“நான் என்ன, கல்யாணத்துக்கு மொட்டையாவா வருவேன்?” என்றார் ஹாஜியா. கடலையை வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் முக்காட்டில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

அரீஜ் சிரிக்கவில்லை. கதவருகிலிருந்து வந்து ஃபோனை வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கி, அந்தக் காலியிடத்தை நன்றாகப் பார்த்தாள். பெரிதாக்கியதைச் சிறிதாக்கினாள். முகத்தைப் பார்த்தாள். எந்த ரத்தப் பரிசோதனையின் முடிவுக்கும் ருவைதா இப்படிக் காத்திருந்ததில்லை.

“எழுது” என்றாள் அரீஜ். “சம்மதம். ஆகஸ்ட்ல வெயில் அதிகம், பாத்து வரச் சொல்லு. பாக்க வர்ற அன்னிக்குத் தொப்பி போடக் கூடாது. நானும் நேராக்க மாட்டேன்.”

உம்மா கையை வாயில் வைத்துக் குலவையிட்டாள். மேல் வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ருவைதா உட்கார்ந்து ஹாஜியாவின் ஃபோனிலேயே எழுத ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே அரீஜின் கை திரையை மறைத்தது. அக்காவின் விரல் பட்டு, திரை மேலே இருந்த பழைய கடிதத்துக்குப் போயிருந்தது. ஆங்கிலம் அவளுக்கு அரைகுறை. எண்கள் முழுசாகத் தெரியும்.

“இதென்னடி பதினொன்னு?”

“அக்கா, அது…”

“எனக்கு ஒன்பதுதான.”

“காதுக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு. கண்ணாடில தெரியாது.”

“அத எனக்குச் சொல்லாம மான்செஸ்டருக்குச் சொல்லியிருக்க.”

பதில் கடிதம் அங்கேயே நின்றது. அரீஜ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முக்காட்டை அவிழ்த்து, எண்ணு என்றாள். கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முடி வழக்கம் போல் ஏறி நின்றது. ருவைதா சீப்பின் வாலால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் தடவையும் எண்ணினாள்.

பன்னிரண்டு.

அன்றைக்கு ஒன்றை விட்டுவிட்டாளா, அல்லது பதிலுக்குக் காத்திருந்த ஒன்பது நாளில் ஒன்று புதிதாக வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் அனுப்பிய விவரம் தப்பு.

“எத்தனடி?”

ருவைதா சொன்னாள். அரீஜ் திரும்பி அவளை முறைத்தாள். பிறகு மூக்கில் முடிகிற ஒரு சிரிப்பு வந்தது. ஏழு தடவை கேட்டுப் பழகியது.

“அதையும் எழுது” என்றாள். “பன்னெண்டாவது அவனாலதான்னு எழுது.”